பழைய ஜிடிஓ வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, மிச்சிகன் வந்து ஏழு மாதம் ஆகிறது, பக்கத்து ஊரில் ஒரு பெரியவரின் கொட்டகையில் 1968 பான்டியாக் ஜிடிஓ கார் நிற்கிறது, அதை வாங்கி ஃபேக்டரியிலிருந்து வந்த மாதிரியே ஆக்க ஆசை, அபார்ட்மென்ட்டில் இருந்துகொண்டு முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். அதே வருஷத்து கார்தான் என்னிடமும் இருக்கிறது. முடிக்க ஆறு வருஷம் ஆனது. தாராளமாக வாங்குங்கள். ஆனால் சொந்தமாக ஒரு கராஜ் வரும்வரை அதில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள்.

விசாவில் இருக்கிறீர்கள். நாளைக்கே வேலை மாறி டெக்சாஸ் போக நேரலாம். முழு காரை லாரியில் ஏற்றி அனுப்பிவிடலாம். பிரித்துப் போட்ட காரை வாங்கின விலைக்குக்கூட யாரும் கேட்க மாட்டார்கள். பல அபார்ட்மென்ட் ஒப்பந்தங்களில் பார்க்கிங்கில் வண்டி வேலை பார்க்கக் கூடாது என்றே போட்டிருக்கும், உங்களுடையதை எடுத்துப் படித்துவிடுங்கள்.

பணம் கொடுக்கும் முன் காரின் வின் (VIN) நம்பரை, அதாவது கம்பெனி அதற்குக் கொடுத்த அடையாள எண்ணைப் பாருங்கள். டேஷ்போர்டின் மேல், டிரைவர் பக்கம் கண்ணாடிக்குக் கீழே இருக்கும். 242 என்று தொடங்கினால் அது பிறப்பிலேயே ஜிடிஓ. 237 என்றால் பான்டியாக்கின் இன்னொரு மாடலான லெமான்ஸில் ஜிடிஓ பெயர்ப்பட்டையை ஒட்டியிருக்கிறார்கள். 1964, 65இல் ஜிடிஓ என்பது லெமான்ஸில் கூடுதலாக வாங்கும் ஆப்ஷன், அதனால் அந்த இரண்டு வருஷக் காரில் நம்பர் உதவாது. 1968 முதல் அந்த நம்பரின் பிற்பகுதியை இன்ஜின் பிளாக்கிலும் பொறித்தார்கள். காரோடு வந்த அதே இன்ஜின்தானா என்று தெரிய, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய பான்டியாக் கார்களின் ஆவணங்களை வைத்திருக்கும் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸுக்கு நம்பரை அனுப்பிக் கட்டணம் கட்டினால், கம்பெனியின் பழைய பில் நகல் வரும். என்ன இன்ஜின், என்ன கியர், என்னென்ன ஆப்ஷன் என்று எல்லாம் அதில் இருக்கும்.

அடுத்தது துரு. நீங்கள் இன்னும் இங்கே ஒரு முழுக் குளிர்காலம் பார்க்கவில்லை. பனி உருக ரோட்டில் கொட்டும் உப்பு இரும்பை அடியிலிருந்து தின்னும். பின் சக்கரத்துக்கு மேல் வளைவு, டிக்கியின் தரை, பின் கண்ணாடியின் கீழ் விளிம்பு, இங்கெல்லாம் சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் உள்ளே பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். முன் பம்பரில் மட்டும் காந்தத்தை நம்பாதீர்கள். அது இரும்புச் சட்டத்தின் மேல் வார்த்த எண்டுரா என்ற பொருள், ரப்பர் மாதிரி நெகிழும். தகரத்துக்கு அடிக்கிற பெயின்ட்டையே அதற்கும் அடித்தால் வெடித்துவிடும்.

நம் ஊர் டிங்கரிங் பட்டறையில் நல்ல வேலை என்றால் கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும். இங்கே ஒரிஜினல் என்று பார்ப்பவர்கள் அப்படி மின்னினாலே முகம் சுளிப்பார்கள். அன்றைக்கு ஆலையின் அசெம்ப்ளி லைனில் அடித்த பெயின்ட்டில் ஆரஞ்சுத் தோல் மாதிரிப் புள்ளி இருந்தது. சேஸிஸில் வழிந்த கறுப்பு அப்படியே காய்ந்திருந்தது. போல்ட் தலையில் தயாரித்தவரின் குறி இருக்கும். அதை மாற்றி, கடையில் கிடைக்கும் பளபள போல்ட்டைப் போட்டால் தெரிந்தவர் கண் நேராக அங்கேதான் போகும்.

நான் செய்த தவறை நீங்கள் செய்துவிடக் கூடாது. கார் வந்த முதல் வாரமே பிரஷர் வாஷரை எடுத்து இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் ஃபயர்வாலை அடித்துக் கழுவிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் பான்டியாக் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பல மாதம் கழித்து ஹீட்டர் பெட்டியைக் கழற்றினோம். அதன் அடியில், தண்ணீர் படாத இடத்தில், மஞ்சள் கிரேயானில் இரண்டு எழுத்து. பாதி எழுத்து பெட்டிக்கு வெளியே நீண்டிருந்திருக்க வேண்டும். அந்தப் பாதியை நான் கழுவிவிட்டிருந்தேன். லைனில் அடுத்து நிற்பவருக்காக ஒருவர் ஓடுகிற காரில் கிறுக்கின எழுத்து அது என்றார் பெரியவர். விரலை அதன் மேல் படாமல் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அந்த எழுத்தின் மேல் இன்றுவரை நான் பெயின்ட் படவிடவில்லை. வருஷக்கணக்கில் ஹலோவோடு நின்றிருந்த எங்கள் பழக்கம், அன்றைக்குப் பிறகுதான் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடும் அளவுக்கு வந்தது.

அதனால் எதைக் கழற்றினாலும் முதலில் போட்டோ. பழைய ஹோஸ், கிளாம்ப், ஒயர் எதையும் தூக்கிப் போடாதீர்கள். புதிதாக வாங்குவதற்கு அதுதான் அளவு, அதுதான் சாட்சி. அந்த ஒரு வருஷத்திலேயே 87,684 ஜிடிஓ செய்தார்கள், பாகங்கள் கிடைக்கும்.

ஓட்டுவதைப் பற்றியும் கொஞ்சம். 350 குதிரைத்திறன் இன்ஜினின் கம்ப்ரெஷன் அதிகம் (10.75:1), ரெகுலர் பெட்ரோல் ஊற்றினால் இன்ஜின் தட்டும். பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை அரிக்கும், அதை மட்டும் முதலிலேயே மாற்றிவிடுங்கள். பழைய கார்களுக்கான ஹிஸ்டாரிக் நம்பர் பிளேட் வாங்கினால் கண்காட்சி, அணிவகுப்பு மாதிரியானவற்றுக்குத்தான் ஓட்டலாம், ஆகஸ்ட் மாதம் மட்டும் விதிவிலக்கு. ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கம் வுட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் ஊர்வலமாகப் போகும், வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வந்து பாருங்கள்.

அப்புறம், அந்தக் கொட்டகைப் பெரியவரிடம் விலை பேசும் முன்னால், காரின் பழைய பில், சர்வீஸ் சீட்டு, அவர் இளமையில் காரோடு எடுத்த போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டைக் காலி செய்யும் நாளில் முதலில் குப்பைக்குப் போவது அவைதான்.