அரியர் வைத்தவருக்கு அமெரிக்கச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைக்குமா?

தம்பி, கோவைப் பக்கத்துக் கல்லூரியில் பி.இ., 61 சதவீதம், நடுவில் சில அரியர்கள், இப்போது நியூ ஜெர்சியில் ஹெச்-1பி வேலை விசாவில் வேலை; இந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு இங்கே சட்டம் படிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். நீங்கள் பயப்பட வேண்டிய இடம் வேறு.

குறைந்த ஜி.பி.ஏ. (நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) உண்மையில் இங்கேயே இளங்கலை படித்த பிள்ளைகளுக்குத்தான் தலைவலி. சட்டக் கல்லூரி விண்ணப்பங்களைத் திரட்டி அனுப்பும் எல்சாக் (LSAC) அமைப்பு அவர்கள் மதிப்பெண்களை ஒரே எண்ணாக்கிவிடும். சேர்ந்த மாணவர்களின் இடைநிலை (வரிசையின் நடுவில் வரும்) ஜி.பி.ஏ.வைக் கல்லூரிகள் ஆண்டுதோறும் ‘509 அறிக்கை’ என்ற பொது அறிக்கையில் வெளியிட வேண்டும். ஆகவே 2.8 வைத்திருப்பவரைச் சேர்க்க அவர்களுக்குத் தயக்கம். வெளிநாட்டுப் பட்டத்துக்கோ எல்சாக் எண்ணே போடுவதில்லை; மிக உயர்வு, சராசரிக்கு மேல், சராசரி, சராசரிக்குக் கீழ் என்று ஒரு தரம் மட்டும் குறிக்கும். உங்களைச் சேர்த்தால் அவர்கள் கணக்கு இறங்காது. அதனால் நீங்களாகவே 61-ஐ நான்கால் பெருக்கி, நூறால் வகுத்து, 2.44 என்று எங்கும் எழுதி வைக்காதீர்கள். கேட்காத கேள்விக்கு ஏன் பதில்?

மதிப்பெண் சான்று பல்கலைக்கழகத்திலிருந்தே முத்திரையிட்ட உறையில் எல்சாக்குக்குப் போக வேண்டும். ஊரில் அதை வாங்கி அனுப்பச் சொன்னால், ‘சரியாக இருக்கிறதா பார்க்கிறேன்’ என்று யாராவது பாசத்தோடு பிரித்துவிடுவார்கள். பிரித்த உறை செல்லாது. மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும்.

எண் இல்லாததால் உங்கள் முழுப் பாரமும் எல்சாட் (LSAT) என்ற சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வில்தான். 120 முதல் 180 வரை மதிப்பெண். நம் பொறியியல் ஆட்களுக்குத் தோதாக இருந்த புதிர்ப் பகுதியை 2024 ஆகஸ்டில் எடுத்துவிட்டார்கள். இப்போது கணக்கில் வருவது வாதங்களை அலசும் இரண்டு பகுதிகளும் வாசிப்புப் பகுதி ஒன்றும். ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம். மனப்பாடம் எடுபடாது. நீங்கள் குறிவைக்கும் கல்லூரியின் 509 அறிக்கையைத் திறந்து, அதிலுள்ள எல்சாட் இடைநிலையைத் தாண்டுவதையே இலக்காக வையுங்கள். மாதிரித் தேர்வுகளில் அது வராதவரை உண்மைத் தேர்வுக்குப் பணம் கட்டாதீர்கள். வாழ்நாளில் ஏழு முறைக்கு மேல் எழுத விடமாட்டார்கள்.

அரியர்களுக்கு ஒரு விளக்கக் குறிப்பு இணைக்கலாம். இதில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். பொறியியல் பிடிக்கவில்லை, அப்பா வற்புறுத்தினார், ஆசிரியர் சரியில்லை என்று இரண்டு பக்கம் புலம்பினால், படிப்பவருக்கு எரிச்சல்தான் வரும். ‘இரண்டாம் ஆண்டில் தந்தை நோயுற்றதால் வேலைக்குப் போனேன், மூன்று தாள்களில் தவறினேன், மறு ஆண்டே தேறினேன், அதன்பின் அரியர் இல்லை.’ இந்த அளவு போதும். அதுவும் உண்மையாக இருந்தால் மட்டும்.

நான் கவலைப்படுவது பணத்தைப் பற்றி. ஹெச்-1பி-யில் இருப்பவருக்கு மத்திய அரசின் கல்விக் கடன் கிடையாது. தனியார் கடனுக்குப் பெரும்பாலும் குடியுரிமையோ பச்சை அட்டையோ உள்ள ஒருவர் உடன் கையெழுத்திட வேண்டும். அதனால் வேலையை விடாமல் பகுதி நேரமாகப் படிப்பதே புத்திசாலித்தனம். விசாவும் அதற்குத் தடையில்லை. நியூவார்க்கில் சீட்டன் ஹால் சட்டக் கல்லூரி வார இறுதி வகுப்புகள் நடத்துகிறது. உதவித்தொகை தருகிறோம் என்று கடிதம் வந்தால், முதலாண்டு மதிப்பெண் குறைந்தால் பறித்துக்கொள்ளும் நிபந்தனை உண்டா என்று பாருங்கள். எத்தனை பேர் அப்படி இழந்தார்கள் என்பதையும் கல்லூரிகள் வெளியிட்டாக வேண்டும்.

இன்னொன்று: காப்புரிமை விண்ணப்பங்களைப் பிறருக்காக நடத்த அனுமதி தரும் காப்புரிமை அலுவலகத் தேர்வை எழுதச் சட்டப் பட்டம் தேவையில்லை, அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் வேண்டும்; ஹெச்-1பி போன்ற விசாவில் இருப்பவருக்கு அந்த வேலையைச் செய்யும் அனுமதியும் விசாவில் இருக்க வேண்டும். நான் இந்தத் துறையில்தான் இருக்கிறேன். மின்னணுவியல் படித்தவர்களைத் தேடிக்கொண்டே இருக்கிறோம். நீங்கள் எந்தப் பிரிவு என்று எழுதவே இல்லையே?