வெயிலுக்கும் குளிருக்கும் ஒரே மெஷின்: ஹீட் பம்ப் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் டக்ட் (அறைகளுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்) எதுவும் கிடையாது. குளிர்காலத்துக்கு மின் ஹீட்டர், கோடைக்கு ஜன்னல் ஏசி என்று ஓட்டுகிறோம். இரண்டையும் தூக்கிவிட்டுச் சுவரில் மாட்டும் ஹீட் பம்ப் போடச் சொல்கிறார்கள். பார்த்தால் ஏசி மாதிரி இருக்கிறது. ஏசி எப்படி வீட்டைச் சூடாக்கும்? பில் குறையும் என்பது நிஜமா?

பதில்: ஏசி மாதிரி என்ன, பெரும்பாலும் ஏசியேதான். கோடையில் வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. கூடுதலாக இருப்பது ஒரு நால்வழி வால்வு. மெஷினுக்குள் சுற்றி வெப்பத்தைச் சுமக்கும் காஸ் ஓடும் திசையை அது திருப்பிவிட்டால், அதே மெஷின் வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து உள்ளே கொண்டுவரும். வெளியே 2 டிகிரிதான் இருக்கிறது, அதில் ஏது வெப்பம் என்று தோன்றும். அவுட்டோர் யூனிட்டின் காயிலில் (சுருள் குழாயில்) ஓடும் காஸ் அதைவிடக் குளிர்ச்சியாக, சுழியத்துக்கும் கீழே இருக்கும். ஆகவே அந்த 2 டிகிரிக் காற்றிடமிருந்தும் அதற்கு வெப்பம் கிடைத்துவிடும்.

பில் விஷயத்துக்கு வருவோம். மின் ஹீட்டர் 1 யூனிட் மின்சாரத்துக்கு 1 யூனிட் வெப்பம் தரும், அதற்கு மேல் வழியே இல்லை. ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்காமல் இடம் மட்டும் மாற்றுவதால், மிதமான குளிரில் அதே 1 யூனிட்டுக்கு 3 பங்கு கொண்டுவரும். நல்ல மாடல் 4 பங்குகூடத் தரும். மைனஸ் 15 டிகிரியில் இது 2-க்குப் பக்கத்திலோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடும். அப்போதும் ஹீட்டரைவிட மேல்தான். உங்களைப் போல் மின் ஹீட்டரை வைத்துக் காலம் தள்ளுபவர்களுக்குக் குளிர்காலப் பில் குறையும் என்று தைரியமாகச் சொல்லலாம். எரிவாயுவில் வீட்டைச் சூடாக்குபவர்கள் மட்டும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 1 யூனிட் மின்சாரத்தின் விலை, அதே அளவு வெப்பம் தரும் எரிவாயுவின் விலையைப் போல் மூன்று மடங்கைத் தாண்டினால் மிச்சம் ஒன்றும் பெரிதாக இருக்காது.

கேள்வி: கடையில் அறையின் பரப்பளவை மட்டும் கேட்டுவிட்டு “2 டன் போடுங்க, சின்னதா வாங்கிட்டு அப்புறம் வருத்தப்படாதீங்க” என்றார்கள். பெரிதாக வாங்கினால் ஒரு பாதுகாப்புதானே?

பதில்: இந்த “பாதுகாப்பு”தான் பலருடைய காசைத் தின்கிறது. 1 டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு., அதாவது சுமார் 3.5 கிலோவாட். ஒரு அறைக்கு எவ்வளவு வேண்டும் என்பதைப் பரப்பளவு மட்டும் சொல்லிவிடாது. எத்தனை சுவர்கள் வெளிப்புறம் பார்த்திருக்கின்றன, ஜன்னல் எவ்வளவு, கண்ணாடி ஒற்றையா இரட்டையா, மேலே மொட்டை மாடியா இன்னொரு வீடா, கூரை எவ்வளவு உயரம், எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கும். ஜன்னல் இடுக்கில் குளிர்காற்று வருகிறதென்றால் முதலில் அதை அடைத்துவிடுங்கள். அடைத்த பிறகு கணக்குப் பார்த்தால் ஒரு சைஸ் குறைந்த மெஷினே போதும் என்றாகலாம்.

மெஷினின் விவரத் தாளை வாங்கிப் பாருங்கள். திறன் என்ற வரியில் “3.5 (0.9–4.1) கிலோவாட்” என்பது போல் இருக்கும். நடுவில் உள்ள 3.5-ஐ எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் அந்த 0.9-ஐப் பாருங்கள். இன்வெர்ட்டர் கம்ப்ரசர், அதாவது தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கம்ப்ரசர், எவ்வளவு வேகம் குறைந்து ஓட முடியும் என்பதை அதுதான் சொல்கிறது. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் அறைக்கு 1 கிலோவாட் போதும். குறைந்தபட்சம் 0.9 உள்ள மெஷின் அன்றைக்கெல்லாம் சத்தமில்லாமல் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். அதே 3.5 கிலோவாட் மெஷின் இன்னொன்று, குறைந்தபட்சம் 1.7 என்றால், அது ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். மின்சாரமும் வீண், கம்ப்ரசருக்கும் தேய்மானம். கோடையில் இன்னொரு தொல்லையும் உண்டு. கம்ப்ரசர் நின்ற பிறகும் ஃபேன் ஓடினால், காயிலில் படிந்த ஈரம் திரும்ப அறைக்கே வந்துவிடும். அறை குளிர்ந்திருக்கும், ஆனால் உடம்பு பிசுபிசுக்கும். தேவைக்கு மேல் பெரிய மெஷின் போட்ட வீடுகளில் அடிக்கடி கேட்கிற புகார் இது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சின்னதாகவும் வாங்கிவிட வேண்டாம். தாளில் இருக்கும் வெப்பத் திறன், வெளியே 7 அல்லது 8 டிகிரி இருக்கும்போது அளந்தது. குளிர் கூடக் கூட அது குறையும். சாதாரண மாடல் மைனஸ் 10-இல் தாளில் சொன்னதில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் தரக்கூடும். கடுங்குளிருக்கென்றே வரும் மாடல்கள் மைனஸ் 15 வரை முழுத் திறனையோ அதற்குப் பக்கத்திலோ தரும். “மைனஸ் 25 வரை வேலை செய்யும்” என்று விளம்பரத்தில் இருந்தால், வேலை செய்யும் சரி, எத்தனை கிலோவாட் தரும் என்று கேளுங்கள். ஒவ்வொரு வெப்பநிலைக்கும் திறன் எவ்வளவு என்ற அட்டவணை தயாரிப்பாளரிடம் இருக்கும். அதில் உங்கள் ஊரின் மிகக் குளிரான இரவுக்கு நேரே உள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: நான்கு அறைகள். ஒரே அவுட்டோர் யூனிட்டில் நான்கு இன்டோர் போடலாமா, தனித்தனியாகப் போடலாமா?

பதில்: வெளிச்சுவரில் இடம் இருந்தால் தனித்தனிதான் என் கட்சி. நான்கையும் தாங்கும் ஒரு பெரிய அவுட்டோர் யூனிட் குறைந்த வேகத்துக்கு இறங்கினாலும் கணிசமான திறனில்தான் ஓடும். இரவில் ஒரு படுக்கையறை மட்டும் கொஞ்சம் சூடு கேட்டால், மேலே சொன்ன ஓடுவதும் நிற்பதும் அங்கேயும் ஆரம்பித்துவிடும். சூடாக்கும்போது அணைத்து வைத்த இன்டோர்களிலும் கொஞ்சம் காஸ் கசிந்து ஓடுவதால், யாரும் இல்லாத அறையும் லேசாகச் சூடாகும். வீட்டில் ஒருவர் சூடும் இன்னொருவர் குளிர்ச்சியும் ஒரே நேரத்தில் கேட்டால், வீடுகளுக்கு வரும் வழக்கமான மாடல்களில் அது நடக்காது. எல்லாம் ஒரே பக்கம்தான் ஓட வேண்டும். அவுட்டோர் பழுதானால் நான்கு அறையும் அவுட்.

வெளியே ஒன்றுக்கு மேல் வைக்க இடமில்லை, குடியிருப்புச் சங்கம் அனுமதிக்காது என்றால் வேறு வழியில்லை, ஒரே அவுட்டோர்தான்.

அதற்கு முன் நான்கு அறைக்கும் இன்டோர் தேவையா என்றும் யோசியுங்கள். சந்தையில் கிடைக்கும் சிறிய இன்டோர்களே பெரும்பாலும் 2 கிலோவாட்டை ஒட்டி இருக்கும். நன்றாக அடைத்த சின்னப் படுக்கையறைக்கு அதில் பாதிகூட வேண்டாம். ஆனால் கூடத்தில் ஒன்றை மாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் அறைக்குள் சூடு வராது, இதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூன்று சின்ன அறைகள் என்றால், பொய்க்கூரைக்குள் வைக்கும் சிறிய டக்ட் இன்டோர் ஒன்றை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போடுவதைப் பற்றி விசாரியுங்கள்.

கேள்வி: லேபிளில் எஸ்.இ.இ.ஆர்., எஸ்.சி.ஓ.பி., எச்.எஸ்.பி.எஃப். என்று ஏதேதோ இருக்கிறது. எதைப் பார்ப்பது?

பதில்: மூன்றுமே ஒரு பருவம் முழுக்க மெஷின் மின்சாரத்தை எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்துகிறது என்று சொல்லும் எண்கள், கூடினால் நல்லது. எஸ்.இ.இ.ஆர். குளிரூட்டுவதற்கு. மற்ற இரண்டும் சூடாக்குவதற்கு. ஐரோப்பிய லேபிளில் எஸ்.சி.ஓ.பி., அமெரிக்க லேபிளில் எச்.எஸ்.பி.எஃப். என்று இருக்கும். எந்தப் பருவத்தில் அதிக மாதங்கள் ஓட்டுவீர்களோ அந்த எண்ணை முதலில் பாருங்கள். விற்பவர்கள் பெரிதாக எழுதி வைப்பது பெரும்பாலும் குளிரூட்டும் எண்ணைத்தான். அமெரிக்காவில் 2023-இல் சோதனை முறை மாறி, எஸ்.இ.இ.ஆர்.2, எச்.எஸ்.பி.எஃப்.2 என்று பெயர்களுக்குப் பின்னால் 2 சேர்ந்தது. புது முறையில் எண் சற்றுக் குறைவாக வரும் என்பதால் பழைய லேபிளையும் புதியதையும் நேருக்கு நேர் ஒப்பிட வேண்டாம்.

கேள்வி: பழைய ஆர்-410ஏ காஸ் மாடல் தள்ளுபடியில் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: தள்ளுபடி ஏன் என்றால் அந்தக் காஸுக்கு உலகம் விடை கொடுத்துக்கொண்டிருக்கிறது. புவியைச் சூடாக்கும் வீரியம் கரியமில வாயுவுக்கு 1 என்றால் ஆர்-410ஏ-வுக்கு 2,088, ஆர்-32-க்கு 675. ஆர்-290 என்ற புரோப்பேனுக்கு வெறும் 3. ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்திலிருந்து 3 கிலோவுக்குக் குறைவாகக் காஸ் உள்ள ஒற்றை ஸ்ப்ளிட் (ஒரு அவுட்டோர், ஒரு இன்டோர்) மெஷின்களில் இந்த வீரியம் 750-ம் அதற்கு மேலும் உள்ளவற்றைச் சந்தைக்கு விடுவதில்லை. மெஷின் பதினைந்து வருடம் ஓட வேண்டியது. நடுவில் கசிந்தால் நிரப்பக் காஸ் கிடைக்க வேண்டும், கட்டுப்படியான விலையிலும் கிடைக்க வேண்டும். நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: ஒரே மாடலுக்கு இரண்டு பேர் மாட்டும் கூலி சொன்னார்கள். ஒருவர் மற்றவரைப் போல் பாதிதான் கேட்கிறார். மாட்டுவதில் அப்படி என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடும்?

பதில்: எந்த பிராண்டு என்பதைவிட யார் மாட்டுகிறார்கள் என்பதற்குத்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். சுவரில் துளை போட்டு, இரண்டு காப்பர் பைப்பை இழுத்து, நட்டை முடுக்கி, இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிடலாம். மெஷினும் அன்றைக்கு ஓடும். பிரச்சினை தெரிய ஒரு வருடம் ஆகும்.

பைப்பை இணைத்த பிறகு என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள். பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வேக்யூம் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். சிலர் பம்பே கொண்டுவர மாட்டார்கள். அவுட்டோரின் வால்வைக் கொஞ்சம் திறந்து, காஸையே விட்டுக் காற்றை “புஸ்” என்று வெளியே தள்ளிவிடுவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் வேலையை நிறுத்தச் சொல்லலாம். ஈரம் உள்ளேயே தங்கிவிடும், அளந்து நிரப்பி வந்த காஸ் குறையும். ஆர்-32, ஆர்-290 போன்ற தீப்பிடிக்கக்கூடிய காஸ் என்றால் ஆபத்தும் கூட. ஒழுங்கான மெக்கானிக் முதலில் நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பார், பிறகு பம்ப் போட்டு, வெற்றிடத்தை அளக்கும் மைக்ரான் மீட்டர் 500-க்குக் கீழே போகும்வரை காத்திருப்பார். பம்பை நிறுத்திய பின்னும் முள் மேலே ஏறாமல் நிற்கிறதா என்று பார்ப்பார். பைப்பை இணைக்கும் ஃப்ளேர் நட்டுக்கு, சரியான அளவு முடுக்க உதவும் டார்க் ரென்ச் வைத்திருப்பார். கசிவு பெரும்பாலும் அந்த நட்டில்தான் ஆரம்பிக்கும்.

பைப்பின் நீளம் மெஷினோடு வந்த காஸ் தாங்கும் அளவைத் தாண்டினால், எத்தனை மீட்டருக்கு எத்தனை கிராம் என்று தராசில் நிறுத்துத்தான் சேர்க்க வேண்டும். சுவர்த் துளை வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் டிரெயின் தண்ணீர் உள்சுவரில் வழியும். பனி விழும் இடம் என்றால் அவுட்டோரைத் தரையில் வைக்காமல், பனி மட்டத்துக்கு மேலே ஸ்டாண்டில் ஏற்றுங்கள். பாதிக் கூலிக்காரர் இவை எல்லாம் செய்வேன் என்று எழுதிக் கொடுத்தால் தாராளமாக அவரிடமே கொடுக்கலாம்.

கேள்வி: புதிதாகப் போட்டோம். கடுங்குளிரில் திடீரென்று சூடு நின்றுவிடுகிறது, அவுட்டோரிலிருந்து புகை வருகிறது. பழுதா?

பதில்: அது புகை இல்லை, நீராவி. வெளிக்காயிலில் படியும் உறைபனியை உருக்க மெஷின் சில நிமிடங்கள் திசை மாறி ஓடுகிறது. அதுவாகவே பழைய நிலைக்கு வந்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இப்படியே நடந்தால் மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: 30 டிகிரி வைத்தாலும் தலைக்கு மேல்தான் சூடு, கால் சில்லென்று இருக்கிறது.

பதில்: சூடான காற்று மேலேயே நிற்கும். இன்டோரின் சென்சாரும் கூரைக்குப் பக்கத்தில் இருப்பதால், அறை சூடாகிவிட்டதென்று நினைத்து மெஷின் அடங்கிவிடுகிறது. காற்றுத் தகட்டை முழுக்கக் கீழ்நோக்கித் திருப்புங்கள், ஃபேனைக் கூட்டுங்கள். ரிமோட்டில் இருக்கும் சென்சாரைப் பயன்படுத்தும் வசதி உங்கள் மாடலில் இருந்தால் அதைப் போட்டு, ரிமோட்டை நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். இனிமேல் வாங்கப்போகிறவர்கள், முக்கியத் தேவை சூடு என்றால், தரையோடு வைக்கும் மாடலையும் பார்க்கலாம். 30 வைத்தால் சீக்கிரம் சூடாகும் என்பதும் பெரிய லாபமில்லை. கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடி மின்சாரம்தான் கூடும். 20, 21 என்று ஒன்றில் வைத்துவிட்டு இரவில் ஓரிரு டிகிரி மட்டும் குறையுங்கள். ஃபில்டரை எப்போது கழுவினீர்கள்?

கேள்வி: கரண்ட் போனால்?

பதில்: நின்றுவிடும். சின்ன இன்வெர்ட்டர் பேட்டரி இதைத் தாங்காது. குளிர்காலத்தில் மணிக்கணக்கில் மின்சாரம் போகும் இடம் என்றால், பழைய விறகு அடுப்போ எரிவாயு ஹீட்டரோ இருந்தால் கழற்றி விற்றுவிடாதீர்கள். புகை போக வழியும், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவைக் கண்டுபிடிக்கும் அலாரமும் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.