பறக்கும் தட்டு: கேட்டதும் சொன்னதும்

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் டெலஸ்கோப் வைத்துப் பிள்ளைகளுக்கு நிலாவும் வியாழனும் காட்டுகிறேன். கூட வரும் பெரியவர்களில் ஒருவராவது பறக்கும் தட்டைப் பற்றிக் கேட்காமல் கீழே இறங்குவதில்லை. சேர்ந்துபோன கேள்விகளுக்கு இங்கே பதில்.

குமார், காசிமேடு: அக்கா, விடியக்காலைல போட்ல போறப்ப வானத்துல வரிசையா ஒரே அளவு வெளிச்சமா போச்சு. சத்தமே இல்ல. அப்பா, "வெளிய சொல்லாத, சிரிப்பாங்க"ன்னுட்டாரு. இன்னா அது?

ஸ்டார்லிங்க் தம்பி, இணைய சேவைக்கான செயற்கைக்கோள். 2019 மே மாதம் முதல் முறை ஒரே ராக்கெட்டில் 60 ஏற்றினார்கள், ஏவிய சில நாளைக்கு அப்படித்தான் ரயில் மாதிரி போகும். ஆனால் எனக்கு உன் அப்பா சொன்னதுதான் முக்கியம். நாசா அமைத்த குழுவும் 2023 செப்டம்பரில் அதையேதான் எழுதியது: கேலிக்குப் பயந்து பார்த்தவர்கள் சொல்வதில்லை, அதனால் தரவு சேர்வதில்லை. தரவு இல்லாததால் விஞ்ஞானிகள் ஒதுங்குகிறார்கள், அவர்கள் ஒதுங்குவதைப் பார்த்து ஊர் இன்னும் கொஞ்சம் சிரிக்கிறது. அந்தக் குழுவில் இருந்தவர்களுக்கே இணையத்தில் வசவு விழுந்தது என்றால் பார்த்துக்கொள்.

ரஹீம் பாய், பழைய வண்ணாரப்பேட்டை: ஏம்மா, அமெரிக்காக்காரன் ஏதோ மறைக்கிறான்னு சொல்றாங்களே, நெசமா?

மறைத்தது நிஜம் பாய், ஆனால் வேறொன்றை. 1947ல் அமெரிக்காவின் ராஸ்வெல் என்ற ஊரில் தட்டு கிடைத்தது என்று ராணுவமே அறிவித்தது, ஒரு நாளுக்குள்ளேயே வானிலை பலூன் என்று மாற்றிச் சொன்னது. 1994ல்தான் விமானப்படை விஷயத்தை அவிழ்த்தது: அது சோவியத் அணுகுண்டுச் சோதனையை ஒட்டுக்கேட்க விட்ட ரகசிய பலூன். அப்புறம் 1955லிருந்து யு-2 உளவு விமானம், மற்ற விமானங்கள் நினைத்துப் பார்க்காத உயரத்தில், வெயில் பட்டு மின்னிக்கொண்டு பறந்தது. பார்த்தவர்கள் புகார் செய்தால் என்ன பதில் சொல்வது? பனிப்படிகம் என்றார்கள், வெப்பநிலை மாற்றம் என்றார்கள். 50களின் கடைசியிலும் 60களிலும் வந்த புகார்களில் பாதிக்கு மேல் இந்த உளவு விமானங்களால்தான் என்று அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவின் வரலாற்றாசிரியர் 1997ல் எழுதினார் (அந்தக் கணக்கு ரொம்ப ஜாஸ்தி என்பவர்களும் உண்டு). இடையில் 1953ல் சிஐஏ கூட்டிய குழு ஒன்று, டிவி, சினிமா வழியாக மக்களுக்கு இந்த ஆர்வத்தையே குறைக்க வேண்டும் என்று யோசனை சொன்னது. இத்தனை பொய்க்கு அப்புறம், 2024 மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் "வேற்றுக்கிரகவாசிகளுக்கு ஆதாரம் எதுவும் இல்லை" என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நான் நம்புகிறேன். நம்பாதவரைப் பார்த்து எனக்குக் கோபம் வருவதில்லை.

செல்வி, திருவொற்றியூர்: படிக்காதவங்கதான் இதையெல்லாம் நம்புறாங்கன்னு என் வீட்டுக்காரர் சொல்றார்.

அவரிடம் லடாக் கதையைச் சொல்லுங்கள். 2012ல் எல்லையில் நம் ராணுவ வீரர்கள் ராத்திரி ராத்திரி வெளிச்சம் பார்த்து, சீனாவின் உளவு ட்ரோன் என்று குறித்துவைத்தார்கள். பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தைக் கேட்டபோது, அது வியாழனும் வெள்ளியும் என்று பதில் வந்தது. அவர்கள் முட்டாள்கள் இல்லை. மெல்லிய காற்றில் கோள்கள் அவ்வளவு பளிச்சென்று தெரியும், அதோடு எல்லையில் நிற்பவன் மனசில் சீனாதானே இருக்கும். மனசில் ஏற்கெனவே என்ன பயம் இருக்கிறதோ அதைத்தான் வெளிச்சத்துக்குப் பேராக வைக்கிறோம். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் முதலில் ரஷ்யாக்காரனைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: ஜனங்க இதை நம்புறதுக்குச் சினிமாதான் காரணமோ?

பாதி. மீதி, யார் வாயால் வருகிறது என்பதில் இருக்கிறது. காலப் என்ற நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 2019ல் அமெரிக்கர்களில் 33 சதவீதம் பேர் சில பறக்கும் தட்டுகள் வேற்றுக்கிரக வாகனம் என்றார்கள், 2021ல் 41. நடுவில் 2020ல் கடற்படை விமானிகள் எடுத்த மூன்று வீடியோக்களைப் பென்டகனே வெளியிட்டது. அது மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சீருடைக்காரர் பேசினால் சிரிப்பு அடங்கிவிடுகிறது.

சதீஷ், எண்ணூர்: மணலி பக்கம் மேகமே ஆரஞ்சா எரியுதே?

ரிஃபைனரி ஃப்ளேர் தம்பி, எண்ணெய் ஆலையில் மிச்ச வாயுவை எரிக்கும் தீ. மூச்சுக்கு வேண்டுமானால் பயப்படு.

குமார் (மறுபடியும்): இனிமே பார்த்தா இன்னா பண்றது?

பிரான்சில் 1977லிருந்து விண்வெளி நிறுவனத்துக்குள்ளேயே இதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது, பார்த்தவர் எழுதலாம், அவர்கள் விசாரித்து வெளியிடுகிறார்கள். நீ எனக்கு அனுப்பு, யார் பார்த்தது என்று வெளியே சொல்ல மாட்டேன். மணி, திசை, எத்தனை நிமிஷம், மூன்றும் வேண்டும். அன்றைக்கு ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட்டார்களா என்று முதலில் பார். 2022 டிசம்பரில் ஒடிசா கரையிலிருந்து அக்னி-5 ஏவுகணை போனதைப் பார்த்து மேற்கு வங்கத்தில் பாதிப் பேர் தட்டு என்றார்கள். வீடியோ எடுத்தால் பாய்மரமோ கரண்ட் கம்பமோ ஏதாவது கூடத் தெரியட்டும், ஜூம் மட்டும் போடாதே, போகஸ் தவறினால் எந்த நட்சத்திரமும் போன் திரையில் வட்டத் தட்டாகத்தான் வரும்.