பிளாக் சபாத்தின் அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை எவ்வளவு ஏற்றினாலும், பிரிட்டனின் ஹெவி மெட்டல் பாண்டான பிளாக் சபாத்தின் கனம் என் கிட்டாரில் வரவில்லை. அவர்களிடம் அப்படி என்ன இருந்தது? இத்தனை வருடம் கழித்தும் எல்லோரும் ஏன் அவர்களையே பின்பற்றுகிறார்கள்?

முதலில் டிஸ்டார்ஷனைப் பாதியாகக் குறையுங்கள். 1970இல் வந்த முதல் இரண்டு ஆல்பங்களையும் கவனித்துக் கேட்டால், இன்றைய மெட்டலோடு ஒப்பிட அதில் டிஸ்டார்ஷன் குறைவு என்பது தெரியும். இந்த இசையின் அடிப்படையான பவர் கார்டில் சேர்ந்து ஒலிப்பது ஸ–ப மட்டும். காந்தாரம் இல்லாததால் அது மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. டிஸ்டார்ஷனை அளவுக்கு மீறி ஏற்றினால் அந்த இரண்டு சுரமும் குழம்பி இரைச்சலாகிவிடும்.

சபாத்தின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதிக்காரர். 17 வயதில், உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலையின் கடைசி நாளன்று, வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் இயந்திரத்தில் போயின. அவர் இடதுகைக்காரர். அதாவது ஃப்ரெட்டில் அழுத்தும் கையே வலது கைதான். பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் உறை செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். கனத்த கம்பியை அழுத்த முடியாததால் பாஞ்சோ கம்பிகளைக் கலந்து மாட்டினார். பிறகு கம்பிகளைத் தளர்த்தவும் செய்தார். 1971இன் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் 'சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்', 'இன்டு தி வாய்ட்' போன்றவை வழக்கமான ட்யூனிங்கிலிருந்து மூன்று ஃப்ரெட் அளவு கீழே இருக்கின்றன: சி ஷார்ப், எஃப் ஷார்ப், பி, ஈ, ஜி ஷார்ப், சி ஷார்ப். முதல் ஆல்பமே இப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது வழக்கமான ட்யூனிங்தான்.

நீங்கள் 0.009 செட்டை (மெல்லிய கம்பியின் தடிமன், அங்குலத்தில்) அப்படியே சி ஷார்ப்புக்கு இறக்கினால் கம்பி ஃப்ரெட்டில் அடித்து 'ஜிர்ர்' என்று அதிரும், கொஞ்சம் அழுத்தினாலே சுருதி ஏறிவிடும். அயோமி மெல்லிய கம்பியிலேயே சமாளித்தார், ஆனால் அவர் கை அதற்குப் பழகியது. நீங்கள் இன்னும் தடித்த 0.011 செட் மாட்டுங்கள். மாட்டியபின் 12ஆவது ஃப்ரெட்டில் அழுத்திய சுரத்தை அதே இடத்து ஹார்மோனிக்கோடு (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் பிரிட்ஜில் அந்தக் கம்பியைத் தாங்கும் சேடிலைப் பின்னால் நகர்த்துங்கள். தடித்த கம்பி, கழுத்தின் தலைப்பக்க முனையில் உள்ள நட் பள்ளத்தில் இறுகி நின்றால் சுருதி நிற்காது, அதையும் பாருங்கள்.

1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியான முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு, பாண்டின் பெயரையே கொண்டது. அதன் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு சுரத்தொடர்) மூன்றே சுரம்: ஜி, மேல் ஜி, சி ஷார்ப். ஜி-யை ஸட்ஜமாக வைத்தால் சி ஷார்ப் பிரதி மத்திமம். மேற்கத்திய மரபு சாத்தானோடு முடிச்சுப் போட்ட இடைவெளி அது. நமக்கோ கல்யாணியின் மத்திமம்! எனவே பயம் அந்தச் சுரத்தில் மட்டும் இல்லை. நிதானமான வேகம், நடுவே விடும் மௌனம், துணைக்கு மழையும் மணியோசையும் எல்லாம் சேர்ந்துதான் பயமுறுத்துகின்றன.

பின்னால் வந்தவர்கள் இந்த ட்யூனிங்கையும் நிதானத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் செயின்ட் வைட்டஸ் பாண்ட் தன் பெயரையே சபாத்தின் பாட்டொன்றிலிருந்து எடுத்தது. ஸ்வீடனின் கேண்டில்மாஸ் 1986இல், மெதுவான கனத்த மெட்டல் வகையான டூம் மெட்டலுக்குப் பெயர் சொல்லும் ஆல்பம் போட்டது. கலிஃபோர்னியாவின் கையஸ் இன்னும் ஒரு படி இறங்கி, சி-யில் ட்யூன் செய்தது. 2025 ஜூலை 5இல், ஆஸ்டனிலேயே உள்ள வில்லா பார்க்கில் சபாத்தின் கடைசிக் கச்சேரிக்கு மெட்டாலிகா, ஸ்லேயர், டூல் எல்லாம் வந்து வாசித்தார்கள். சபாத்தின் பாடகர் ஓஸி ஆஸ்பார்ன் நாற்காலியில் அமர்ந்தபடி பாடினார். அதே மாதம் 22ஆம் தேதி காலமானார்.

ஆனால் பலர் கோட்டைவிட்டது டிரம்ஸை. பில் வார்ட் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர், அவர் அடியில் திஸ்ர நடையின் துள்ளல் இருக்கும். கீசர் பட்லரின் பாஸ் ரிஃபோடு ஒட்டிப் போய்த் திடீரென விலகும். 'ஃபேரீஸ் வேர் பூட்ஸ்' பாட்டை டிரம்ஸுக்காக மட்டும் ஒருமுறை கேளுங்கள். பிறகு மெட்ரோனோமை நிமிடத்துக்கு 70இல் வைத்து, ஒவ்வொரு தட்டையும் மூன்றாகப் பிரித்து, நடுப்பங்கை விட்டுவிட்டு முதலும் மூன்றும் மட்டும் மீட்டுங்கள். இது கைக்கு வந்தபின் ஆம்பைத் தொட்டால் போதும்.