சீட்டுக் குலுக்கிப் போட்ட கோடுகள்: ரேண்டம் கிராஃப் கேள்வி பதில்

தருமபுரி, கல்லூரி மாணவி: சார், ரேண்டம் கிராஃப் என்றால் கன்னாபின்னாவென்று இழுத்த கோடுகள்தானே? அதில் படிக்க என்ன இருக்கிறது?

நீயே செய்து பாரம்மா. தாளில் 30 புள்ளி வைத்து பாலக்கோடு, பென்னாகரம், மொரப்பூர் என்று ஊர்ப் பெயர்களை எழுது. அதே பெயர்களைச் சீட்டில் எழுதி டப்பாவில் போட்டுக் குலுக்கு. இரண்டு சீட்டு எடு, அந்த இரண்டு ஊருக்கும் ஒரு கோடு. சீட்டுகளைத் திரும்பப் போட்டுவிட்டு மறுபடி எடு. இப்படிக் குலுக்கலில் அமையும் புள்ளி-கோடு வலைதான் ரேண்டம் கிராஃப். முதல் பத்துக் கோடு வரை இரண்டும் மூன்றுமாகத் துண்டு துண்டாகக் கிடக்கும். 15 கோட்டைத் தாண்டியதும், அதாவது ஊருக்குச் சராசரியாக ஒரு தொடர்பு வந்ததும், துண்டுகள் ஒன்றையொன்று விழுங்க ஆரம்பிக்கும். 30 கோட்டில் ஏறக்குறைய 24 ஊர் ஒரே கூட்டம்! எர்டோஸ், ரேனி என்ற கணித அறிஞர்கள் 1960-ல் நிறுவியது இதைத்தான். 30 சின்ன எண், அதனால் முன்னே பின்னே இருக்கும். லட்சம் புள்ளி என்றால் அந்தத் திருப்பம் பளிச்சென்று தெரியும்.

அரூர் வாசகர்: முப்பது ஊரும் ஒன்றுசேர எத்தனை கோடு வேண்டும்?

51-ஐ ஒட்டி. புள்ளிகளின் எண்ணிக்கையை அதன் இயல் மடக்கையால் (கால்குலேட்டரில் ln, 30-க்குச் சுமார் 3.4) பெருக்கிப் பாதியாக்குங்கள். அப்போதும் உறுதியில்லை. கடைசிவரை சேராமல் நிற்பது பெரும்பாலும் ஒற்றைப் புள்ளிதான், சாலை வராத மலைக் கிராமம் மாதிரி. எனக்கு இந்தக் கணக்கிலேயே பிடித்த இடம் இதுதான்.

பிளஸ் டூ மாணவன்: பரீட்சைக்கு வருமா சார்?

வராது. பயப்படாமல் படி.

காவேரிப்பட்டணம், மாங்காய் வியாபாரி: நிஜத்தில் தொடர்புகள் சீட்டுக் குலுக்கியா அமைகின்றன?

இல்லைங்க. கிருஷ்ணகிரியில் சென்னை, பெங்களூரு, சேலம் சாலைகள் வந்து கூடுகின்றன. அதைக் குலுக்கல் தீர்மானிக்கவில்லை. உங்கள் மண்டிக்கு வரும் புது விவசாயி ஏற்கெனவே நாலு பேர் போகும் கடைக்குத்தானே போவார்? பரபாசி, ஆல்பர்ட் என்ற இயற்பியலாளர்கள் 1999-ல் இதை வைத்தே ஒரு கணித மாடல் கட்டினார்கள். அப்படி அமைந்த சந்தையில் எவரோ பத்துப் பேர் கடை மூடினால் பெரிதாகத் தெரியாது. பெரிய கை இரண்டு மூடினால் சந்தையே சிதறும். (எல்லா வலையும் இப்படித்தான் என்று அடித்துப் பேசுபவர்களை நம்பாதீர்கள், அந்தச் சண்டை ஓயவில்லை.) சரி, அப்புறம் குலுக்கல் எதற்கு? அது அளவுகோல். நிஜ வலை அதிலிருந்து எங்கே விலகுகிறதோ, அங்கே ஏதோ காரணம் இருக்கிறது.

ஓசூர், தொழிற்சாலை ஊழியர்: அண்ணா, என் நண்பர்களுக்கெல்லாம் என்னைவிட நண்பர்கள் அதிகம். எனக்கு மட்டும்தானா?

முக்கால்வாசிப் பேர் கதை அதுதான் தம்பி. நூறு பேரைத் தெரிந்தவர் நூறு பேரின் பட்டியலில் இருப்பார். ஒருவரை மட்டும் தெரிந்தவர் ஒரே பட்டியலில். அதனால் நண்பர்களின் சராசரி ஏறிவிடுகிறது. சமூகவியலாளர் ஸ்காட் ஃபெல்ட் 1991-ல் எழுதியது இது. தடுப்பூசி கொஞ்சமாக இருந்தால் இதையே பயன்படுத்தலாம்: எவரோ ஒருவரைப் பிடித்து அவருக்குப் போடாமல், அவர் சொல்லும் நண்பருக்குப் போடுவது. ஊர் முழுக்கப் பழகுகிற ஆள் அப்படியே மாட்டுவார்.