அவருக்கு வேலை இல்லையென்றால் தாபரிப்பு கிடைக்காதா?

கேள்வி: விவாகரத்து வழக்குப் போட இருக்கிறேன். எனக்கு வேலை இல்லை, இரண்டு பிள்ளைகள். தானும் வேலையை விட்டுவிட்டதாக என் கணவர் சொல்கிறார். தாபரிப்புக் காசு, அதாவது எனக்கும் பிள்ளைகளுக்கும் வாழ்க்கைச் செலவுக்கான பணம், கேட்க முடியுமா?

கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். நான் சட்டத்தரணி இல்லை. என் தங்கச்சியின் வழக்குக்காக மட்டக்களப்பில் நீதிமன்றத்துக்கு அவளோடு கூடப் போய் வந்தவள். அங்கே பார்த்ததையும் கேட்டு அறிந்ததையும் சொல்கிறேன்.

முதலில், விவாகரத்து முடியும்வரை காத்திருக்காதீர்கள். விவாகரத்து மாவட்ட நீதிமன்றத்தில் நடக்கும், இழுபடும். தாபரிப்பு வழக்கை இப்போதே நீங்கள் இருக்கிற இடத்து நீதவான் நீதிமன்றத்தில் தனியாகப் போடலாம். இலங்கையின் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் சொல்வது இதுதான்: போதிய வசதி உள்ள ஒருவர், தன்னைத்தானே பராமரிக்க முடியாத வாழ்க்கைத் துணையைக் கவனிக்காமல் விட்டால், மாதாமாதம் பணம் கொடுக்க நீதவான் கட்டளையிடலாம். கணவன், மனைவி இரண்டு பேருக்கும் இது பொருந்தும். மனைவி ஆசிரியை, கணவன் நோயாளி என்றால் அவரும் கேட்கலாம்.

'வசதி' என்றால் மாதச் சம்பளம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். உழைக்கக்கூடிய உடம்பும் கைத்தொழிலும் இருந்தால் அதையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கும். என் தங்கச்சியின் மாமியார் "அவனுக்கு வேலையே இல்ல மகள், எங்க போய்க் காசு குடுக்கிற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அழைப்பாணை வந்த கையோடு கடை வேலையை விட்ட மனிதர், போகம் தொடங்கியதும் அண்ணனின் டிரக்டரில் உழவு ஓட்டினார். கூலி கொடுத்த ஒருவர் வந்து சாட்சி சொன்ன பிறகு கதை மாறியது. கேட்ட தொகை முழுவதும் வரவில்லை, ஆனால் கட்டளை வந்தது.

எங்கள் பக்கத்தில் சம்பளச் சிட்டை உள்ளவர்கள் குறைவு. மேசன் வேலை, தோணியில் பங்கு, அம்பாறைப் பக்கம் குத்தகை வயல், ஆட்டோ என்று காசு பல வழியில் வரும். அதனால் ஆதாரம் சேர்ப்பதுதான் உங்கள் பெரிய வேலை. ஆட்டோவின் லீசிங் கடிதம், வங்கிப் புத்தகத்தின் படம், நெல் விற்ற பற்றுச்சீட்டு, கமநல சேவை நிலையத்தில் அவர் பெயரில் உள்ள வயல் பதிவு, எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். உங்கள் பக்கச் செலவையும் எழுதுங்கள்: அரிசி, மருந்து, ரியூஷன், பஸ் காசு. வெறுமனே "கஷ்டம்" என்று சொல்வதைவிட ஒரு மாதக் கணக்குக்குப் பெறுமதி அதிகம்.

சீதன வீடு உங்கள் பெயரில் இருக்கிறதே, பிறகு ஏன் தாபரிப்பு என்று கேட்பார்கள். இங்கே அனேகமாக எல்லாப் பெண்களுக்கும் வீடு இருக்கும். வீட்டை வைத்துச் சோறு ஆக்க முடியாது. குடியிருக்கிற வீடு வருமானம் தராது என்பதை சட்டத்தரணி மூலம் தெளிவாகச் சொல்ல வையுங்கள்.

இனி சொல்வதை கவனமாகப் படியுங்கள். இரண்டு பக்கமும் விரும்பிப் பிரிந்து வாழ்ந்தால் வாழ்க்கைத் துணைக்குத் தாபரிப்புக் கட்டளை இல்லை என்று அதே சட்டத்தில் இருக்கிறது. "சண்டை வேண்டாம், இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம் என்று கையெழுத்துப் போடுங்கள்" என்று ஊர்ப் பெரியவர்களோ உறவுக்காரரோ தாளை நீட்டினால், சட்டத்தரணியிடம் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள். நல்ல மனதோடு சொல்பவர்களுக்கும் இந்த விஷயம் தெரியாது. பிள்ளைகளின் தாபரிப்பு வேறு. அதை உங்களுடையதோடு சேர்த்து ஒரே தொகையாகக் கேட்காமல் பிரித்துக் கேளுங்கள்.

விவாகரத்து கிடைத்ததும் மனைவி என்ற உரிமை போய்விடும். ஆகவே நிரந்தரத் தாபரிப்பை மாவட்ட நீதிமன்ற வழக்கிலேயே கேட்டுவிட வேண்டும். மாதப் பணமாகவோ மொத்தத் தொகையாகவோ சொத்தாகவோ கொடுக்கும்படி கட்டளையிட அங்கே அதிகாரம் உண்டு. நிலையான வேலை இல்லாதவரிடம் மாதப் பணத்துக்கு ஓடித் திரிவதைவிட, அவர் பெயரில் காணி இருந்தால் அதைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதக் கேட்பது நல்லது என்பது என் எண்ணம்.

அவருக்கு உண்மையிலேயே தொழில் போயிருந்தால், தொகையைக் குறைக்கச் சொல்லி அவர் நீதிமன்றத்திடம் கேட்கலாம். கேட்காமல் தானாக நிறுத்தினால் மறியலுக்கும் (சிறைக்கும்) போக நேரிடும்.

நீங்கள் முஸ்லிம் என்றால் பாதை வேறு, முஸ்லிம்களின் விவாக, விவாகரத்து வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். மற்றவர்கள், சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்றால், மட்டக்களப்பில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். விவாகப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கிராம சேவகரின் கடிதம் ஆகியவற்றைக் கையோடு கொண்டு போனால் மறுபடி அலைய வேண்டியிராது.