ஆக்டிவேஷன் எண்ணிக்கை முடிந்துவிட்டது என்கிறதா? பணம் கட்டும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் சிறிய புடவைக் கடை வைத்திருக்கிறேன். மூன்று கம்ப்யூட்டருக்கான ஆன்டிவைரஸ் சந்தாவும் அதன் கீயும் (பதிவு எண்) என்னிடம் உண்டு. மின்வெட்டில் ஒன்றின் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. புது டிஸ்க்கில் விண்டோஸ் 10 ஏற்றி அதே கீயைப் போட்டால், ஆக்டிவேஷன் எண்ணிக்கை முடிந்துவிட்டது, ஐந்து கம்ப்யூட்டருக்கான உயர்ந்த பதிப்புக்கு மாறுங்கள் என்று வருகிறது. மாறட்டுமா?

பதில்: இந்த அறிவிப்புக்காக மாற வேண்டாம். உங்களிடம் இருப்பது மூன்று கம்ப்யூட்டர்தான். சர்வரின் கணக்கில் மட்டும் அது நான்காகியிருக்கிறது.

கீயைப் பதியும்போது, கம்ப்யூட்டரின் பாகங்களையும் விண்டோஸையும் வைத்து நிறுவனத்தின் சர்வர் ஓர் அடையாளத்தைக் குறித்துக்கொள்கிறது. டிஸ்க்கை மாற்றி விண்டோஸைப் புதிதாக ஏற்றினால் அந்த அடையாளம் மாறிவிடும். பழைய டிஸ்க் செத்துப்போனது சர்வருக்குத் தெரியாது. ஆகவே அந்த இடம் காலியாகாமல் கிடக்கிறது.

வாங்கியபோது கொடுத்த மின்னஞ்சல் முகவரியால் நிறுவனத்தின் தளத்தில் நுழையுங்கள். சாதனங்களின் பட்டியல் இருக்கும். ஒரே பெயர் இரண்டு முறை தெரிந்தால், கடைசியாக இணைந்த தேதி எதற்குப் பழையதோ அதை நீக்குங்கள். அப்புறம் கீயை மறுபடி போடுங்கள். பட்டியலே இல்லையென்றால் பில்லை இணைத்து உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். அவர்களே எண்ணிக்கையைத் திருத்திவிட முடியும். தயவுசெய்து கூகுளில் தேடிக் கிடைக்கும் ஏதோ ஓர் உதவி எண்ணுக்கு மட்டும் போன் செய்யாதீர்கள். கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்க அனுமதி கேட்டுப் பணம் பறிப்பவர்கள் அப்படித்தான் காத்திருக்கிறார்கள்.

சென்னையிலிருந்து உறவினர் யாராவது வாங்கிவந்த கீ என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில நிறுவனங்களின் கீ, விற்ற நாட்டில் மட்டுமே ஆக்டிவேட் ஆகும். ஆனால் அப்போது வரும் அறிவிப்பு வேறாக இருக்கும்.

சரி, உயர்ந்த பதிப்பு எப்போது தேவை? கம்ப்யூட்டர்களோடு கடைப் போன்களையும் சேர்த்துப் பாதுகாக்க விரும்பினால் யோசிக்கலாம். மற்றபடி அதில் கூடுதலாக வருவது பெரும்பாலும் விபிஎன் (இணையத் தொடர்பை மறைகுறியாக்கி அனுப்பும் வசதி), பாஸ்வேர்டு மேலாளர் போன்றவை. வைரஸைப் பிடிக்கும் அடிப்படை எஞ்சின் பல நிறுவனங்களில் எல்லாப் பதிப்புக்கும் ஒன்றுதான். புதிய வெளியீடும் சந்தா இருக்கும்வரை பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும்.

எனக்கு உண்மையான கவலை உங்கள் விண்டோஸ் 10 பற்றித்தான். அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவுசெய்து பெறும் நீட்டிப்பு உண்டு, ஆனால் அது தற்காலிகம். விண்டோஸிலேயே இருக்கும் ஓட்டையை எவ்வளவு விலையுயர்ந்த ஆன்டிவைரஸாலும் அடைக்க முடியாது. அந்தக் கம்ப்யூட்டரில் தென்னாப்பிரிக்க வரித்துறையான சார்ஸின் ஈஃபைலிங்கும் வங்கி வேலையும் செய்கிறீர்கள் என்றால் தள்ளிப்போடாதீர்கள். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதியும் ஓரளவு புதிய பிராசஸரும் இருந்தால் விண்டோஸ் 11 இலவசமாக ஏறும்.

விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட்டின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபென்டர் இலவசமாகக் கூடவே வருகிறது. உங்கள் அளவிலான கடைக்கு அது போதும் என்பதே என் கருத்து. வேறு ஆன்டிவைரஸ் போட்டால் டிஃபென்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். ஆகவே டிஃபென்டரே போதும் என்றால் இன்னொன்றுக்குக் காசு செலவழிப்பதில் பயனில்லை. மிச்சமாகும் ரேண்டில் ஒரு வெளி டிஸ்க் வாங்கி, கணக்குகளை வாரம் ஒருமுறை நகலெடுத்து, டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்.

இப்போதைய சந்தாவில் தானாகப் புதுப்பிக்கும் வசதி இருந்தால் இன்றே அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே பணம் கட்டிய காலம் முடியும்வரை சந்தா வேலை செய்யும். அதற்குள் விண்டோஸ் 11 ஏறுமா என்று பார்த்து முடிவெடுக்கலாம்.